தோப்புல நின்ன நாலு கதவு ஹெரால்ட்: பத்திரிகைல வர்றதுக்கு முன்னாடியும் வந்த பிறகும்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தென்னந்தோப்புல ரொம்ப வருசமா நின்ன ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், ஒரு தமிழ் மோட்டார் மாத இதழ்ல கட்டுரையா வந்துச்சு. அதுக்கு முன்னாடி என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம், வந்த பிறகு என்னாச்சுன்னு முழுசா எழுதி வெக்கறேன். வண்டிக்காரங்க பேரு, பத்திரிகை பேரு, தோப்பு சரியா எந்த எடத்துல இருக்குங்கறது எதுவும் இதுல இருக்காது, காரணம் படிச்சா தெரியும். பழைய வண்டி வெச்சிருக்கவங்களுக்கும் அதப் பத்தி எழுதறவங்களுக்கும் உபயோகப்படணும்னுதான் எழுதறது.

பின்னணி

பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கால எங்க பக்கம் ஆபீஸ் பேப்பர் மலையாளம், வீட்டுல தெருவுல பேசறது தமிழ். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டுனா பொள்ளாச்சி. சந்தை, டயர் கடை, மெக்கானிக், லேத் எல்லாம் அந்தப் பக்கம், ரேஷன் கார்டும் ஆர்.சி. புக்கும் இந்தப் பக்கம். அதனால எங்க ஊரு கார் எல்லாமே ரெண்டு ஸ்டேட்லயும் பாதிப் பாதி வாழ்ந்த கார்தான்.

இங்க பழைய வண்டி பைத்தியங்க கொஞ்சப் பேரு ஞாயித்துக்கிழமை கூடுவோம். லேத் வெச்சிருக்க ஒரு அண்ணன், ஸ்கூல் வாத்தியார் ஒருத்தரு, மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு, இன்னும் ரெண்டு மூணு பேரு. குரூப்ல போட்டோ, கணக்கு, பேப்பர் பாத்துக்கறது நான்.

எங்களுக்கு நெடுநாளா ஒரு ஆதங்கம். பழைய கார்னு எந்தப் பத்திரிகைய எடுத்தாலும் அம்பாசடர், ஃபியட், ஜீப், இல்லன்னா ஏதாவது ஜமீன் வீட்டு அமெரிக்கா கார். மெட்ராஸ்ல செஞ்ச கார் ஒண்ணு இருந்துச்சுங்கறதே இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியல. அறுபதுகள்ல இந்தியாவுல புது கார் வாங்கணும்னா பெருசா மூணு எடம்தான், கல்கத்தா பக்கம் உத்தர்பாரால இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லால பிரீமியர், நம்ம மெட்ராஸ்ல பெருங்களத்தூர் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். 1948ல தொடங்குன கம்பெனி அது. வேன்கார்ட்ல ஆரம்பிச்சு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட்னு போயி 1961ல ஹெரால்டுக்கு வந்தாங்க. கடைசியா 1985ல ரோவர் கார் பாடிக்குள்ள பழைய வேன்கார்ட் வழில வந்த ரெண்டு லிட்டர் இஞ்சின வெச்சு ஸ்டாண்டர்ட் 2000 விட்டாங்க, விலையும் ஜாஸ்தி பெட்ரோலும் ஜாஸ்தி குடிச்சுது, எடுபடல, 1988ல உற்பத்தி நின்னு போச்சு.

ஹெரால்ட் இங்கிலாந்துல ட்ரையம்ஃப் பேர்ல 1959ல வந்த கார், வரைஞ்சது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி. அங்க கடைசி வரைக்கும் அந்த சலூன் ரெண்டு கதவுதான். இஞ்சின மட்டும் 948 சி.சி.ல இருந்து 1147, அப்பறம் 1296னு பெருசாக்கிட்டே போனாங்க. மெட்ராஸ்ல நேர் எதிரா நடந்துச்சு, இஞ்சின் 948லயே நின்னுச்சு, கதவு ரெண்டுல இருந்து நாலாச்சு. நம்ம வீடுகள்ல கார்னா தாத்தா பாட்டியில இருந்து கைக்குழந்தை வரைக்கும் ஏறுவாங்க, பொடவை கட்டுன பெரியம்மாவ முன் சீட்ட மடக்கி பின்னாடி ஏறச் சொல்ல முடியுமா. 1968 வாக்குல வந்த அந்த நாலு கதவு மார்க் த்ரீ இங்க மட்டும்தான் செஞ்சது. எழுபதுகளோட தொடக்கத்துல அதுக்கு அடுத்து கெசல் வந்துச்சு, 1977ல அதுவும் நின்னுச்சு.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் எழுதலன்னா, எனக்குத் தோணறது, எழுத வண்டி கண்ணுல படணும். அம்பாசடர் 2014 வரைக்கும் ஃபேக்டரில இருந்து வந்துட்டே இருந்துச்சு, ரோட்டுல இருக்கு, டாக்சி ஸ்டாண்டுல இருக்கு. ஹெரால்டுக்கு கம்பெனி மூடுனதோட ஸ்பேரும் போச்சு, ஸ்பேர் இல்லாத வண்டி காயலான் கடைக்குப் போச்சு. அதனால எங்களுக்கு மிச்சம் இருக்கற ஒவ்வொரு வண்டியும்தான் ரெக்கார்டு. இந்த ஒரு விஷயம்தான் பின்னாடி எடுத்த எல்லா முடிவுக்கும் அடிப்படை.

தோப்புல பாத்தது

2023ல அந்த மாத இதழ்ல வேலை பாக்கற தம்பி ஒருத்தரு, பழைய கார் பக்கத்துக்கு இதுவரைக்கும் வராத வண்டி ஏதாவது இருக்குமாண்ணு எங்க வாத்தியார்கிட்ட கேட்டாரு. மில்லு சூப்பர்வைசருக்கு ஒரு கால்நடை டாக்டர் குடும்பம் தெரியும். டாக்டர் இல்ல, தவறிட்டாரு. அவரு வீட்டம்மாவுக்கு எழுபதுக்கு மேல, தோப்புக்குள்ள வீட்டுல தனியா இருக்காங்க, மகன் கோயமுத்தூர்ல. டாக்டர் அந்தக் கார்லதான் ஊரு ஊரா மாடு பாக்கப் போவாராம்.

வண்டி ஓலைக் கொட்டாய்ல நின்னுச்சு, ஒரு பக்கம் தேங்கா மட்டை அடுக்கி வெச்சிருந்தாங்க, பின் சீட்டுல கோழி முட்டை வெச்சிருந்துச்சு. கே.எல்.பி.னு தொடங்கற பழைய பாலக்காடு நம்பர், 1969 பதிவு. இளம்பச்சை பெயின்ட், கூரை மட்டும் வெளுத்துப் போயி. டிரைவர் பக்கம் தரைத் தகடு துருப்பிடிச்சு கை நுழையற அளவுக்கு ஓட்டை. ஆனா கதவு நாலும் ஒரிஜினல், ரெக்சின் ஒரிஜினல், கண்ணாடி ஒண்ணு கூட உடையல. டயர் நாலும் காத்தில்லாம ரிம்மோட தரையில. பானெட்ட தூக்குனா முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு லைட்டோட சேந்து, முன்னாடி சாஞ்சு தெறந்துச்சு, அந்தக் கீல் இத்தன வருசத்துக்கு அப்பறமும் இறுகல. இஞ்சின் கையால சுத்திப் பாத்தா நகந்துச்சு. லேத் அண்ணன் முகம் அப்பதான் தெளிஞ்சுது.

அம்மா வீட்டுக்குள்ள போயி ஒரு நீள நோட்டு கொண்டாந்து குடுத்தாங்க, மளிகைக் கடை கணக்கு நோட்டு மாதிரி. டாக்டர் கையெழுத்து. பெட்ரோல் போட்ட லிட்டர், மீட்டர் ரீடிங், எந்த மெக்கானிக் என்ன பண்ணாரு, கூலி எவ்வளவு, எல்லாம் தேதி போட்டு இருந்துச்சு. பின் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், உக்காந்து போனப்ப பொள்ளாச்சில லாரி பட்டை அடிக்கற பட்டறைல குடுத்து ஏத்துனது, டைனமோ கார்பன் மாத்துனது, கோயமுத்தூர்ல ஒரு லேத்துல கன் மெட்டல்ல முன் சக்கரத்துக் கட்டை கடைஞ்சு வாங்குனது, ஒண்ணு விடல.

அந்தக் கட்டைதான் ஹெரால்டோட உயிர்நாடி, ட்ரன்னியன்பாங்க. முன் சக்கரத்தத் தாங்கற இரும்புத் தண்டோட அடிப்பக்கம் மரை போட்டு இந்தப் பித்தளைக் கட்டைக்குள்ள ஏறி நிக்கும், ஸ்டீரிங் திருப்பறப்ப அந்த மரையிலதான் சுத்தும். இடதுக்கும் வலதுக்கும் மரை வேற, மாத்திப் போட முடியாது. இதுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போடணும். நம்ம ஊரு பழக்கம் எங்க நிப்பிள் பாத்தாலும் கிரீஸ் கன்ன வெச்சு அடிக்கறது, அடிச்சா கிரீஸ் மரைக்குள்ள முழுசாப் போகாம மேலயே கட்டி நின்னுக்கும், உள்ள தண்ணி எறங்கி தண்டு துருப்பிடிச்சு ஒரு நாள் ஸ்டீரிங் ஒடிக்கறப்ப மரை கிட்டயே முறிஞ்சு சக்கரம் மடங்கிரும். டாக்டர் நோட்டோட முதல் பக்கத்துலயே செவப்பு மைல எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தாரு: "ஆயில் மட்டும். கிரீஸ் கூடாது. மெக்கானிக்கிடம் காட்டவும்." மாடு பாக்கற டாக்டர் அவரு, இதத் தெரிஞ்சு வெச்சு பட்டறைல போயி நோட்டக் காட்டி நின்னிருக்காரு. அந்தக் கார் இத்தன வருசம் ஓடுனதுக்கு அந்த ஒரு வரி போதும்.

கெசலா ஹெரால்டா

மகன் போன்ல பேசறப்ப எங்க அப்பா கெசல் வெச்சிருந்தாருன்னுதான் சொன்னாரு. பத்திரிகைத் தம்பிக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஏன்னா கெசல்தான் இந்தியாவுலயே சொந்தமா டிசைன் பண்ண முதல் கார்னு ஒரு பேச்சு உண்டு, அத அப்படியே தலைப்பாப் போட்டா நல்லா இருக்கும்னு கேட்டாரு. கெசலும் ஹெரால்ட் அடித்தளத்துல வந்ததுதான், அந்தப் பேச்ச அப்படியே அச்சுல ஏத்தறதே யோசிக்க வேண்டியது. அதுக்கு முன்னாடி இது கெசலான்னு பாக்கணும்ல.

ஜாக்கி வெச்சு பின்பக்கத்தத் தூக்கி லேத் அண்ணன் டார்ச்சோட அடியில போனாரு. ஹெரால்டுல பின் சக்கரம் ரெண்டையும் சேக்கற ஒரே நீள ஆக்ஸில் குழாய், அதாவது ஹவுசிங், கெடையாது, சக்கரத்துக்கு சுத்து பிரிச்சுக் குடுக்கற டிஃப்ரன்சியல் நடுவுல சேஸ்ல போல்ட் ஆகி நிக்கும், ரெண்டு பக்கமும் கிராஸ் ஜாயிண்ட் வெச்ச சின்ன ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடும், அதுக்கு மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குறுக்க ஒரே ஒரு பட்டை. அந்தப் பட்டை தளந்தா பின் சக்கரம் ரெண்டும் கால அகட்டி நிக்கற கன்னுக்குட்டி மாதிரி ஆயிரும். நம்ம ரோட்டுக்கும் நம்ம மெக்கானிக்குக்கும் இது ஒத்துவரலைங்கற புகார்தான் கெசல்ல முழு ஆக்ஸில் வந்ததுக்குக் காரணம். ஆக, குறுக்குப் பட்டை இருந்தா ஹெரால்ட், முழு ஹவுசிங் இருந்தா கெசல். அண்ணன் அடியில இருந்தே "குறுக்கதான் இருக்குது, ஹெரால்ட்"னாரு. ஆர்.சி. புக்குல இருந்த 1969ம் கெசலுக்கு முந்தின வருசம்தான்.

தம்பிக்கு கொஞ்சம் ஏமாத்தம். அவருகிட்ட வாத்தியார் சொன்னது, இங்கிலாந்துல கூட இல்லாத நாலு கதவு ஹெரால்ட் மெட்ராஸ்ல மட்டும் செஞ்சாங்கங்கறது உறுதியா நிக்கற விஷயம், அத விட்டுட்டு ஏன் ஆடற விஷயத்த தலைப்பாக்கணும்னு. அவரு நேர்மையான ஆளு, உடனே ஒத்துக்கிட்டாரு.

பத்திரிகை கேட்டதும் நாங்க முடிவு பண்ணதும்

பெரிய சிக்கல் பெயின்ட்டுல வந்துச்சு. பத்திரிகைக்கு பளபளன்னு படம் வேணும். கோயமுத்தூர்ல ஒரு பட்டறைல சொல்லி சீக்கிரம் டிங்கர் வேலை முடிச்சு செவப்பு அடிச்சுரலாம், செலவுல பாதி ஒரு விளம்பரதாரர் ஏத்துப்பாருன்னு தம்பியோட ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு பேசுனாரு. எங்க குரூப்லயே ரெண்டு பேருக்கு அது சரின்னு பட்டுச்சு, யாரோ காசு குடுக்கறப்ப ஏன் விடணும்னு.

நானும் லேத் அண்ணனும் வேண்டாம்னோம். அவசரமா பெயின்ட் அடிக்கணும்னா கதவு ரப்பர், பீடிங், பேட்ஜ் எல்லாம் கழட்டணும், கழட்டறதுல பாதி உடையும், உடைஞ்சா திரும்பக் கெடைக்காது. துருவ புட்டி வெச்சு மூடிட்டா எந்த எடத்துல தகடு போயிருக்குன்னு அடுத்து வர்றவனுக்குத் தெரியாது. முக்கியமா அந்த இளம்பச்சை ஃபேக்டரில அடிச்சது, அதுக்கு கலர் சாம்பிள் புக் எங்கயும் இல்ல, வண்டிதான் சாம்பிள். அதனால முதல்ல இருக்கறபடி பதிவு பண்ணுவோம், எழுதுவோம், ரிப்பேர் அதுக்கு அப்பறம், பெயின்ட் எல்லாத்துக்கும் கடைசின்னு சொன்னோம்.

ஆனா இதுல நாங்க நெனைக்காத எடத்துல இருந்து ஒரு கேள்வி வந்துச்சு. அம்மாவுக்கு வருத்தம். "ஏனுங்க தம்பி, அவரு இருந்தப்ப வாராவாரம் கழுவி மெழுகு போட்டு வெச்சிருந்தாருங்க. இப்ப இந்தக் கோலத்துல படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டோணுமா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். ஒரிஜினல் ஒரிஜினல்னு நாங்க பேசறது ஒரு பக்கம், அவங்களுக்கு அது புருசன் மானம். அன்னைக்கு எதுவும் முடிவு பண்ணாம வந்துட்டோம்.

அடுத்த வாரம் வாத்தியார் ஒரு வழி சொன்னாரு. வண்டியக் கழுவி, குரோமத்தத் தொடச்சு, காத்தடிச்ச டயர் மாட்டி கொட்டாய விட்டு களத்துக்குக் கொண்டாந்து நிறுத்தி எடுக்கலாம், அதோட டாக்டர் அந்தக் கார் பக்கத்துல நிக்கற பழைய கறுப்பு வெள்ளை போட்டோவ அதே பக்கத்துல பெருசாப் போடணும்னு பத்திரிகைகிட்ட கேட்டு வாங்கலாம்னாரு. அம்மா ஆல்பத்துல இருந்து அவங்களே ஒரு படத்த எடுத்துக் குடுத்தாங்க, வேட்டி சட்டைல கையில அந்த நீள நோட்டோட நிக்கறாரு. பத்திரிகையும் ஒத்துக்கிட்டாங்க. டயரு 5.20-13 சைஸ் இப்ப கெடைக்கறது கஷ்டம், வேகன்ஆர்ல சில மாடலுக்கு வர்ற 145/80 ஆர்13 கிட்டத்தட்ட அதே உயரம் வரும், பழசு நாலு வாங்கி மாட்டுனோம். ஓட்டறதுக்கு இல்ல, தள்ளறதுக்கு.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. நம்பர் பிளேட்ட மறைக்கறது, ஊர் பேர் போடாம எல்லைப் பக்கம்னு மட்டும் எழுதறது, விலை மதிப்பு எதுவும் எழுதாம இருக்கறது. விலை எழுதுனா அடுத்த நாளே புரோக்கர் நிப்பான், அதுவும் அம்மா தனியா இருக்கற வீடு. டாக்டர் நோட்டுல இருந்து மெக்கானிக் பட்டறை வேலைகள ஒரு பெட்டிச் செய்தியாப் போடச் சொன்னோம், அத தம்பி ரொம்ப நல்லா எழுதிருந்தாரு, கட்டுரைலயே எனக்குப் பிடிச்ச பாகம் அதுதான்.

படம் புடிக்கறதுக்கு முன்னாடி எங்க வேலைய முடிச்சோம். வண்டில இருக்கற ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ, கதவு கைப்பிடி, பேட்ஜ், மீட்டர், லைட் கண்ணாடி எல்லாம். ட்ரன்னியன் கட்டை ரெண்டையும் கழட்டி லேத் அண்ணன் வெர்னியர் வெச்சு அளவெடுத்து மரையோட வரைஞ்சு வெச்சாரு. நோட்டு மொத்தமும் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி ஒரு காப்பி மகனுக்கு, ஒரு காப்பி எங்ககிட்ட, ஒரிஜினல் அம்மாகிட்டயே.

கட்டுரை வந்த பிறகு

நாலு பக்கம் வந்துச்சு. தலைப்புல நாலு கதவு, மெட்ராஸ் ரெண்டும் இருந்துச்சு, விஷயமெல்லாம் சரியா இருந்துச்சு, டாக்டர் படம் கேட்ட மாதிரியே பெருசா. அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டுனாங்களாம்.

நல்லது ரெண்டு நடந்துச்சு. தாம்பரம் பக்கம் இருந்து ஒரு பெரியவரு பத்திரிகைக்கு லெட்டர் போட்டாரு, ஸ்டாண்டர்ட் ஃபேக்டரில வேலை பாத்தவரு, அவருகிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக் ஜெராக்ஸ் இருந்துச்சு, எங்களுக்கு ஒரு காப்பி அனுப்புனாரு, கதவு ரப்பர் எந்தப் பக்கம் இருந்து ஏத்தணும்னு போன்லயே சொல்லிக் குடுத்தாரு. இன்னொண்ணு, நாகர்கோவில் பக்கம் ஒரு குடும்பத்துல உண்மையான கெசல் ஒண்ணு நிக்குதுன்னு தகவல். பின் ஆக்ஸில் படம் அனுப்பச் சொன்னோம், அனுப்புனாங்க, முழு ஹவுசிங்தான்.

கெட்டதும் நடந்துச்சு. லேஅவுட் பண்றப்ப ஆபீஸ்ல யாரோ படம் இன்னும் அகலமா இருந்தா நல்லா இருக்கும்னு வேற ஒரு படத்த எடுத்து வெச்சிருக்காங்க, அதுல தூரத்துல ஒரு தண்ணி டாங்க், அதுல பஞ்சாயத்து பேரு மலையாளத்துல பெருசா. நம்பர மறைச்சும் பிரயோஜனம் இல்லாமப் போச்சு. அந்த மாசமே புரோக்கருங்க வந்துட்டாங்க. போன வருசம் வரைக்கும் பழைய இரும்பு விலைக்கு கேட்ட அதே ஆளுங்க இப்ப பல மடங்கு சொன்னாங்க. மகனுக்கு மனசு ஆடிருச்சு, அவரையும் தப்பு சொல்ல முடியாது, வீட்டுக் கடன் இருக்கு. இதுக்கு நடுவுல ஒரு நாள் சாயங்காலம் பாக்க வந்தவங்க போன பிறகு பார்த்தா டிக்கில இருந்த ஹெரால்ட் பேட்ஜக் காணோம். ஸ்க்ரூடிரைவர் கொண்டாந்து நெம்பி எடுத்துட்டுப் போயிருக்காங்க. போலீஸ்ல குடுக்கலாம்னோம், அம்மா வேண்டாம்னுட்டாங்க. அவங்க முகத்தப் பாத்தப்ப எங்களுக்கு இந்தக் கட்டுரையே வந்திருக்க வேண்டாமோன்னு ஆயிருச்சு.

வண்டிய நகர்த்துனது

மகன் வந்தாரு, அம்மா, நாங்க எல்லாரும் உக்காந்து பேசுனோம். விக்கறதா வேண்டாமாங்கறது அவங்க குடும்ப முடிவு, அதுல நாங்க வாயத் தெறக்கல. விக்கறதா இருந்தாலும் பிச்சு விக்கறவன்கிட்ட போகக் கூடாது, முழு வண்டியா வெக்கறவன்கிட்ட போகணும், அதுக்கு வண்டி ஓடணும், பேப்பர் சரியா இருக்கணும், இத மட்டும் சொன்னோம். அம்மா ஒரே வார்த்தைல முடிச்சாங்க, நான் இருக்கற வரைக்கும் விக்க வேண்டாம், அப்பறம் உன் இஷ்டம்னு. மகனும் சரின்னுட்டாரு.

தோப்புல வெக்கறது இனி ஆகாது, கோபாலபுரம் தாண்டி லேத் அண்ணன் ஷெட்டுக்குக் கொண்டு போக முடிவாச்சு. ஆர்.சி. காலாவதியான வண்டிய ரோட்டுல கயிறு கட்டி இழுக்கக் கூடாதுன்னு ரெக்கவரி வண்டில ஏத்துனோம். வண்டி தன்னோடதுதான், ரிப்பேருக்கு இன்ன எடத்துக்கு போகுதுன்னு அம்மா கையெழுத்துப் போட்ட லெட்டர், பழைய ஆர்.சி. காப்பி, அம்மாவோட ஆதார் காப்பி, மூணும் டிரைவர் கையில குடுத்துவிட்டோம். செக்போஸ்ட்ல நிறுத்தினாங்க, லெட்டரப் பாத்துட்டு விட்டுட்டாங்க. எல்லை தாண்டற எந்தப் பழைய வண்டிக்கும் இந்த மூணு பேப்பர் இல்லாம அனுப்பாதீங்க.

பேப்பர் வேலையும் ரிப்பேரும்

2021 ஜூலைல மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குன்னு தனி பதிவு விதி கொண்டாந்தாங்க. 50 வருசத்துக்கு மேல ஆன டூவீலர், கார், பெரிய மாற்றம் எதுவும் பண்ணாம ஒரிஜினலா இருக்கணும். புதுசாப் பதிவு பண்ண 20,000 ரூபா, மறுபதிவுக்கு 5,000, பத்து வருசம் செல்லும். ஏற்கனவே பதிவான வண்டிக்கு பழைய நம்பரே இருக்கும், புதுசா பதியறதுக்கு மட்டும்தான் வி.ஏ.ன்னு வர்ற நம்பர். செவப்பு பெயின்ட்டும் அலாய் வீலும் போட்டு மாத்திருந்தா இந்த ஒரிஜினல்ங்கற எடத்துலயே கேள்வி வந்திருக்கும்.

ஆனா நாங்க அந்த வழில போகல. அந்தப் பதிவுல வண்டிய தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடறது, ரிப்பேர், இந்த மாதிரி காரியத்துக்கு மட்டும்தான். அம்மாவுக்கு அந்தக் கார்ல ஏறி சித்தூர் பகவதி கோயிலுக்குப் போகணும், அவ்வளவுதான் ஆசை. அதனால சாதாரண புதுப்பிப்பு. முதல்ல டாக்டர் பேர்ல இருந்து அம்மா பேருக்கு மாத்த ஃபாரம் 31, அப்பறம் புதுப்பிக்க ஃபாரம் 25. பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆன காருக்கு 2022 ஏப்ரல்ல இருந்து புதுப்பிக்க அப்ப 5,000 ரூபா. வண்டி ஓடலன்னு எழுதிக் குடுக்காமயே விட்டிருந்ததால வரி பாக்கி சேந்திருந்துச்சு, அத மகன் கட்டுனாரு. பழைய வண்டிய நிறுத்தி வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இத கவனிங்க, நிறுத்தறதா இருந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு நிறுத்துங்க.

ரிப்பேர்ல பெரிய வேலை மூணுதான். பெட்ரோல் டாங்க் கழட்டி உள்ள துரு எடுத்தது, பிரேக் லைன் மொத்தமும் புதுசு, பின் பட்டைய டாக்டர் நோட்டுல இருந்த அதே பொள்ளாச்சிப் பட்டறைக்குக் கொண்டு போயி ஏத்துனது. பட்டறைய இப்ப பழைய பட்டறைக்காரரோட மகன் நடத்தறாரு, நோட்டுல அவங்க அப்பா பேரு இருந்த பக்கத்தக் காட்டுனதும் ரொம்ப நேரம் அதயே பாத்துட்டு இருந்தாரு, கூலி வாங்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம், வற்புறுத்தித்தான் குடுத்தோம். ட்ரன்னியன் ஒரு பக்கம் தேஞ்சிருந்துச்சு, அண்ணன் வரைஞ்சு வெச்ச அளவுல கன் மெட்டல்ல ரெண்டும் புதுசா கடைஞ்சாரு, தண்டையும் சோதனை பண்ணி துரு இல்லன்னு பாத்துட்டு ஆயில் ஊத்தி மாட்டுனாரு. தரைத் தகடு மட்டும் வெட்டி புதுசு வெல்டிங், பெயின்ட் தொடல. பேட்ஜ் இருந்த எடத்துல ரெண்டு ஓட்டை அப்படியே இருக்கு, டூப்ளிகேட் வாங்கி ஒட்ட வேண்டாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குன்னு குடுக்கற சான்று) பாக்கற எடத்துல முதல் தடவை ஹெட்லைட் வெளிச்சம் பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ரிஃப்ளெக்டருக்கு முலாம் பூசி எடுத்துட்டுப் போனோம், பாஸ் ஆச்சு. இப்ப வண்டி ஓடுது. அம்மா கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டாங்க, மகன்தான் ஓட்டுனாரு, பின்னாடி கதவத் தெறந்து அவங்களே ஏறி உக்காந்தாங்க. அண்ணன் ஷெட்லதான் நிக்குது, சாவி அம்மாகிட்ட.

அடுத்த தடவைக்கு மாத்தறது

பத்திரிகை மேல கோவம் இல்ல, அந்தக் கட்டுரை வராம இருந்திருந்தா கேட்டலாக்கும் வந்திருக்காது, கெசலும் தெரிஞ்சிருக்காது, வண்டி இன்னும் கொட்டாய்லதான் இருந்திருக்கும். ஆனா இந்த மாதிரி அபூர்வமான வண்டியப் பத்தி எழுதறப்ப அது வெளிய வர்ற நாளுக்கு முன்னாடியே வண்டி பத்திரமான எடத்துக்குப் போயிருக்கணும். இனி நாங்க படம் எடுக்கற எடமும் வண்டி நிக்கற எடமும் ஒண்ணா இருக்காது. அச்சுக்குப் போற பக்கத்த படத்தோட எங்களுக்கு ஒரு தடவை காட்டணும்னு முதல்லயே எழுதி வாங்கிக்கறோம், விஷயத்துல கை வைக்க இல்ல, பின்னாடி என்ன தெரியுதுன்னு பாக்க மட்டும். பத்திரிகைத் தம்பியும் அது நியாயம்தான்னு சொல்லிட்டாரு.

வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து விக்கறதா இல்லையான்னு பேசி முடிக்கற வரைக்கும் எந்த வண்டியப் பத்தியும் கட்டுரைக்குக் குடுக்கறது இல்லன்னும் வெச்சிருக்கோம். விலை ஏறுன பிறகு பேசுனா அந்தப் பேச்சு வேற மாதிரி ஆயிருது. சும்மா பாக்கணும்னு வர்றவங்க யாரா இருந்தாலும் எங்கள்ல ஒருத்தரு கூட இருக்கறப்பதான்.

நாகர்கோவில் கெசலுக்கு இந்த முறைப்படிதான் போறோம். கேட்டலாக் ஜெராக்ஸும், அண்ணன் வரைஞ்ச ட்ரன்னியன் அளவும் அந்தக் குடும்பத்துக்கு அனுப்பியாச்சு, அவங்க மெக்கானிக் இத்தன நாளா அதுல கிரீஸ்தான் அடிச்சிட்டு இருந்தாராம், நிறுத்தச் சொல்லி, தண்டு ரெண்டையும் கழட்டி மரை கிட்ட துரு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்கு. அத பாத்து முடிக்கற வரைக்கும் வண்டிய எடுக்க வேண்டாம்னு கேட்டிருக்கோம். வண்டிய எங்க வெக்கறதுங்கறது அவங்க வீட்டுல பேசி முடிவானதும் அளவெடுக்கப் போறோம், பத்திரிகைக்கு இன்னும் சொல்லல.